உங்களுக்குத் தெரியுமா? தங்கவயலும் கோல்ஃப் ஆட்டமும்

கோலார் தங்கவயலைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்பார்கள். பங்களா, சர்ச், கிளப் என்று கட்டிக்கொண்ட சுரங்கத் துரைமார்கள், கோல்ஃப் ஆடவும் ஒரு திடல் அமைத்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றியும், அதற்காக உழைத்த கைகளைப் பற்றியும் சில செய்திகள்:

● லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி தங்கவயலில் கால் வைத்தது 1880-ல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் என்பதால், சமவெளி வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் காற்று ஒத்துக்கொண்டது.

● ஸ்காட்லாந்தில் கோல்ஃப் வளர்ந்தது கடலோர மணல்மேடுகளில். அந்தத் திடல்களுக்கு ‘லிங்க்ஸ்’ என்று பெயர். கடலை விட்டுத் தள்ளி, மரங்களும் பசும்புல்லுமாக இருப்பது ‘பார்க்லேண்ட்’ திடல். அங்கே புல் மளமளவென்று வளர்ந்து பந்தை விழுங்கிவிடும். எட்வின் படிங் என்ற ஆங்கிலேயர் 1830-ல் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் இத்தகைய திடல்களைப் பராமரிப்பது எளிதானது.

● தங்கவயலுக்குத் தண்ணீர் தந்தது பாலாற்று வழியில் உள்ள பேத்தமங்கலம் ஏரி. தண்ணீர் அரிதாக இருக்கும் ஊர்களில் குழியைச் சுற்றிப் புல் வளர்க்க வழியில்லை. எனவே மணலில் எண்ணெய் கலந்து, உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். புல்லாலான ‘கிரீன்’ இருக்கவேண்டிய இடத்தில் இப்படி அமைவது ‘பிரவுன்’. ஒரு கோஷ்டி ஆடி முடித்ததும் அதில் பதிந்த காலடித் தடங்களை இழுத்துச் சமன் செய்தால்தான் அடுத்த கோஷ்டி ஆட முடியும்.

● முதல் அடிக்குப் பந்தைத் தூக்கி நிறுத்தும் மரக்குச்சி ஆரம்ப காலத்தில் இல்லை. மட்டைப்பை சுமக்கும் பையன் ஈர மணலை அள்ளி, மஞ்சள் பிள்ளையார் பிடிப்பதுபோல் மூன்று விரலால் பிடித்துவைத்து, அதன் தலையில் பந்தை வைப்பான். மரக்குச்சிக்கு 1899-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர்.

● சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வடாற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள் அங்கே உயிரைப் பணயம் வைத்து வெட்டிய பொன்தான் மேலே இருந்த கிளப்புக்கும் திடலுக்கும் படியளந்தது.

 

● பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் கல்கத்தாவில், 1829-ல் தொடங்கியது. பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876-ல் பிறந்தது. பின்னர் சென்னை ஜிம்கானா கிளப்பாரும் ஆடத் தொடங்கினார்கள். அவர்களுடைய திடல் கிண்டி குதிரைப் பந்தயப் பாதைக்கு உள்ளேயே அமைந்தது. கொழும்புத் திடலின் குறுக்கே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நின்று வழிவிடும்.

● தங்கவயல் சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

● பெங்களூரில் பிறருடைய மட்டைப்பையைச் சுமந்து ஆட்டம் கற்ற சி. முனியப்பா, 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். பை சுமந்த தோளுக்கும் மட்டை பிடிக்கத் தெரியும் என்பதை நாடே பார்த்தது.

தங்கவயலில் கிளப் தலைவர்களின் பெயர்கள் ஏடுகளில் ஏறிவிட்டன. புல் வெட்டியவர்கள், தண்ணீர் பாய்ச்சியவர்கள், பந்து பொறுக்கியவர்கள் பெயர்கள் ஏறவில்லை. மாரிகுப்பத்திலோ ராபர்ட்சன்பேட்டையிலோ அப்படி உழைத்த தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்வதை இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். அதையும் சேர்த்தால்தான் தங்கவயலின் வரலாறு முழுமை பெறும்.