யாழ்ப்பாணத்து மணிக்கட்டு

கனடாவில் உறவுகள் உள்ள யாழ்ப்பாணத்தாருக்கு ஐஸ் ஹொக்கி புதிதல்ல. அங்கே ஓர் அணி ஒரு போட்டிக்கு வழக்கமாக ஆறு தற்காப்பு வீரர்களை இறக்கும். அந்த ஆறில் இடம் கிடைக்காத சிலர் கீழ்நிலை லீக்கில் விளையாடிக்கொண்டே, மேலே யாராவது காயப்பட்டால் வரும் அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். இப்படி அணிக்கு அணி மாறியே பிழைப்பவர்களை அரைகுறை ஆட்டக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். அது தவறு என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது: யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவரான கிரிக்கெட் லெக் ஸ்பின் பந்துவீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பரில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக அறிமுகமானார்; பிறகு வங்கதேச லீக்கில் சட்டோகிராம், அமீரகத்தில் எம்.ஐ. எமிரேட்ஸ். இடையில் 2023 ஹங்ஷூ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைச் சீருடை. 2024இல் வனிந்து ஹசரங்கவுக்கு மாற்றாகச் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்.

லெக் ஸ்பின் தொழில் ஊர் கடந்து செல்வதற்குக் காரணம் கையில் இருக்கிறது. முதல் இரு விரல்கள் தையலுக்குக் குறுக்கே படிந்திருக்க, மடங்கிய மோதிர விரல் பந்தை உந்த, மணிக்கட்டு சுழன்று விடுபட்டால் பந்து வலக்கைத் துடுப்பாட்ட வீரரை விட்டு விலகித் திரும்பும். அதே ஓட்டம், அதே தோள்வீச்சு. மணிக்கட்டு மட்டும் இன்னும் சற்று உள்ளே சுழன்று, புறங்கை துடுப்பாட்ட வீரரைப் பார்க்கும் நிலையில் பந்து வெளியேறினால் அது கூக்ளி, எதிர்த்திசையில் உள்ளே வரும். மேற்சுழற்சி கூடினால் பந்து எதிர்பார்த்ததைவிட முன்னரே கீழிறங்கும். மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் வரும் பந்துக்கு, கையைப் படித்து முடிவெடுக்க ஏறத்தாழ முக்கால் விநாடிதான் கிடைக்கும். ஆகவே, வியாஸ்காந்தை முன்பு எதிர்கொள்ளாதவர்கள் நிறைந்த புதிய லீக்கில் அந்நியராக இருப்பதே அவருக்கு மூலதனம். ஹொக்கித் தற்காப்பாளருக்கு இந்த வசதி இல்லை. பக்கத்தில் சறுக்கும் கூட்டாளியின் நகர்வு பழகினால்தான் அவர் பயன்படுவார்.

எல்லாம் காணொளியில் இருக்கிறதே, இனி யார் அந்நியர் என்று கேட்கலாம். காணொளி மணிக்கட்டைக் காட்டும். பந்து காற்றில் இறங்கும் கணத்தைக் கண்ணும் காலும் நேரில்தான் பழகவேண்டும். நிலையான வருமானம் இல்லை என்ற மறுப்போ முற்றிலும் நியாயமானது. மாற்று வீரரின் ஒப்பந்தம் பருவத்தோடு முடிந்துவிடும், அந்தக் கவலையைத் திறமை ஆற்றாது. ஆனால் வியாஸ்காந்தை அழைத்தவர்கள் விக்கெட்டை மட்டும் எண்ணவில்லை. 2024 மே 8 அன்று லக்னோவுக்கு எதிரான முதல் ஐ.பி.எல். போட்டியில் நான்கு ஓவர்கள் வீசியும் அவருக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் மே 21, கொல்கத்தாவுக்கு எதிரான தகுதிச் சுற்றிலும் அவரையே களமிறக்கினார்கள்.