சொந்தமாக இணையதளம், நெட்வொர்க் தொழில்

பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த நம் பிள்ளைகள் பலர் வளைகுடா விசாவை எதிர்பார்த்து வீட்டில் இருக்கிறார்கள். அதே ஊரில் பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, கிளினிக் எல்லாவற்றுக்கும் இன்டர்நெட் இணைப்பும் கேமராவும் இணையதளமும் தேவைப்படுகின்றன. இந்த வேலைகளைச் சொந்தமாக எடுத்துச் செய்து குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முடியும். நெட்வொர்க் வேலைக்கு லேப்டாப், கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர், டிரில்லிங் மெஷின், ஒரு ஏணி இருந்தால் தொடங்கலாம். கேபிளின் 8 கம்பிகளை நிற வரிசை மாறாமல் கனெக்டரில் பொருத்துவது, 100 மீட்டருக்கு மேல் தூரம் போனால் நடுவில் ஸ்விட்ச் வைப்பது, ரவுட்டர் அமைப்பது போன்றவை புத்தகத்தில் படித்து வருபவை அல்ல. அனுபவமுள்ள டெக்னீஷியன் ஒருவருடன் சில மாதம் ஏணி தூக்கிப் போனால் கைவந்துவிடும். பட்டம் படித்தவர் ஏணி தூக்குவதா என்று தயங்குபவருக்கு இந்தத் தொழில் சரிப்படாது.

கேபிள் வாங்கும்போது கவனம் தேவை. கேட் 6 என்ற பெயரில் கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று முழுச் செம்பு. இன்னொன்று அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது, சி.சி.ஏ. என்பார்கள். விலை குறைவு. மேலுறையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கும்போது, இதில் மின்தடை அதிகம் என்பதால் தூரத்துக் கேமரா அடிக்கடி அணையும். கம்பியும் எளிதில் முறியும். இதைச் சுவருக்குள் போட்டுவிட்டுச் செம்புக்கான விலையை வாங்குபவர்கள் உண்டு. சரக்கின் குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். சுவருக்குள் இருப்பதால் அது மாறிவிடாது.

இணையதள வேலையில் வரும் வழக்குகள் பெரும்பாலும் டொமைன் பெயரை ஒட்டியவை. அதை வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சல், கைபேசி எண் கொடுத்தே பதிவு செய்ய வேண்டும். வசதிக்காகத் தன் பெயரில் பதிந்துகொண்டு தொழில்நுட்பம் தெரிந்தவர் பிறகு சவூதிக்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் அவருக்கே போகும். கெடு கடந்து, மீட்பதற்கான அவகாசமும் முடிந்தால் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கலாம். கடைக்காரர் பல வருடம் பலகையிலும் பில்லிலும் போட்ட முகவரி போய்விடும். பாஸ்வேர்டுகளும் அப்படியே: அவை அமானிதம், பாக்கிப் பணத்துக்கான பிணை அல்ல.

வருமானம் எங்கே வருகிறது? இணையதளம் ஒரு முறைதான் கட்டப்படும். கேமராவும் ஒரு முறைதான் மாட்டப்படும். மாதாமாதம் அடுப்பெரிவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தால்தான். எத்தனை முறை நேரில் வருவோம், உதிரிப்பாகம் யார் செலவு, பணம் எந்தத் தேதியில் என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். சொந்தக்காரர் கடையானாலும் எழுதுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம்.

உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசு இணையதளத்தில் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் போலித் தளங்களை நம்ப வேண்டாம். சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஆண்டு விற்றுவரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். முதலுக்கு வட்டிக் கடன் தேடும் முன் உங்கள் ஜமாஅத் பைத்துல்மாலில் கர்ழன் ஹஸனா கேட்டுப் பாருங்கள்.

தொழில் ஓடத் தொடங்கியபின் ஜகாத் கணக்கு. ஏணி, லேப்டாப், கருவிகளுக்கு ஜகாத் இல்லை. விற்பதற்காக வாங்கி வைத்த கேபிள், கேமரா, ரவுட்டர் வியாபாரச் சரக்கு. நிஸாப் அளவும் ஓராண்டும் நிறைந்தால் அன்றைய சந்தை விலையில் இரண்டரை சதவீதம். வராத பாக்கியை எப்படிக் கணக்கிடுவது என்பதை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.