நாற்றங்காலில் முற்றிய நாற்று

2010 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னலின் 2.6.33 பதிப்பு வெளிவந்தபோது, முந்தைய பதிப்பில் இருந்த ஆண்ட்ராய்டு நிரல் அதில் இல்லை. ஆண்ட்ராய்டு போன்கள் கடைக்கு வந்து அப்போது ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எழுதிக் கொடுத்தது கூகுள். இருந்தும் அந்த நிரல் மொத்தமாகத் தூக்கப்பட்டது. தூக்கியவர் கிரெக் குரோவா-ஹார்ட்மேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அடுத்தபடியாகப் பெயர் சொல்லப்படும் பராமரிப்பாளர். யார் மேலும் அவருக்குக் கோபம் கிடையாது. நிரல் பாதியில் நின்றிருந்தது, அதை முடித்துக் கொடுக்க யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

திறமூல மென்பொருளைப் பற்றிப் பேசும்போது உலகெங்கும் உள்ளவர்கள் கூடிக் கூடிச் சேர்ப்பதைத்தான் நாம் வியக்கிறோம். கழிப்பவர்களின் வேலை கண்ணில் படுவதில்லை. பாதியில் நிற்கும் நிரலை எப்போது எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்பது பழகிக் கைவர வேண்டிய ஒரு தொழில். அதை லினக்ஸ் கெர்னலைப் போல வெளிப்படையாகச் செய்து காட்டிய இடம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுக்கரு. வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையில் அது நிற்கிறது. வைஃபை அட்டை, தொடுதிரை, வட்டு என ஒவ்வொன்றையும் இயக்க ஒரு டிரைவர் வேண்டும். 2000களின் நடுவில் ஒரு சிக்கல் தெளிவாகத் தெரிந்தது. பல நிறுவனங்களிடம் டிரைவர்கள் இருந்தன; ஓடவும் செய்தன; ஆனால் கெர்னலின் தரத்துக்கு எழுதப்படவில்லை. வெளியிலேயே கிடந்தால் யாரும் திருத்த மாட்டார்கள். அப்படியே உள்ளே விட்டால் கெர்னல் கெடும்.

2008 டிசம்பரில் வந்த 2.6.28 பதிப்பில் இதற்கு ஒரு வழி பிறந்தது. டிரைவர்கள் இருக்கும் அடைவுக்குள்ளேயே ‘ஸ்டேஜிங்’ என்று ஓர் உள்ளடைவு. அதை நாற்றங்கால் என்றே சொல்லலாம். முழுமை பெறாத நிரலை அங்கே விதைக்கலாம். தேறியதும் பிடுங்கி வயலில், அதாவது கெர்னலின் முதன்மைப் பகுதியில், நடலாம். நாற்றங்காலுக்கு ஒரு கணக்கு உண்டு. நாள் கடந்து முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதோடு சரி.

ஸ்டேஜிங்கில் நுழையும் ஒவ்வொரு நிரலும் ‘டுடூ’ என்ற கோப்போடு வர வேண்டும். இன்னும் என்னென்ன வேலை பாக்கி, திருத்தங்களை யாருக்கு அனுப்புவது என்பது அதில் எழுதியிருக்கும். வைஃபை டிரைவர்கள் சிலவற்றின் டுடூ கோப்புகள் சுவையானவை. வைஃபைக்குப் பொதுவான நிரல் கெர்னலில் ஏற்கெனவே இருக்கும்போது, அதே வேலைக்குத் தனக்கென்று இன்னொரு நிரலையும் சுமந்துகொண்டு அவை வந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் பொதுவானதைப் பயன்படுத்து என்பதே முதல் பாக்கி.

இந்த டிரைவர்களில் ஒன்றை உங்கள் கணினி ஏற்றினால், இதன் தரம் தெரியாது என்று பதிவேட்டில் எச்சரிக்கை விழும். கெர்னல் தன் மேல் ஒரு கறையையும் குறித்துக்கொள்ளும்; அதற்கு அடையாளம் ‘சி’ என்ற எழுத்து. பின்னால் பிழை என்று நீங்கள் புகார் அனுப்பினால், பார்ப்பவர் முதலில் அந்த எழுத்தைக் கவனிப்பார்.

ஓரமாகத்தானே கிடக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை கெர்னலின் ஒரு வழக்கத்தில் இருக்கிறது. வெளியே செயலிகளுக்குக் கொடுத்த வாக்கைக் கெர்னல் மாற்றாது. உள்ளே இருக்கும் செயற்கூறுகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும். மாற்றுகிறவர் அதை அழைக்கும் இடங்கள் அத்தனையையும் தானே திருத்திக் கொடுக்க வேண்டும். 2017இல் டைமர்களைத் தொடங்கும் முறை மாறியதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் தாக்குபவருக்கு வசதியான ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கக் கெர்னல் முழுவதும் டைமர் வைத்திருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டியிருந்தது. அந்தக் கோப்புகளில் யாருமே பயன்படுத்தாத, எழுதியவரே மறந்துபோன டிரைவர்களும் உண்டு. அவற்றைத் திருத்துபவரிடம் அந்த வன்பொருள் இருக்காது. திருத்தியது ஓடுகிறதா என்று பார்க்கவும் வழியில்லை. கைவிடப்பட்ட நிரல் இப்படித்தான் அதற்குத் தொடர்பே இல்லாத ஒருவரின் உழைப்பைத் தின்கிறது. பாதுகாப்புப் பிழை பதுங்குவதற்கும் யாரும் படிக்காத நிரலைவிட நல்ல இடம் கிடையாது.

நீக்குவது என்றால் அடைவை அழித்துவிட்டுப் போவதல்ல. முதலில் அதற்குப் பொறுப்பானவர்களிடம் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், சில நேரம் அந்த நிரலைக் ‘கெட்டது’ என்று குறித்து, கட்டமைப்புப் பட்டியலில் யாரும் தேர்ந்தெடுக்க முடியாதபடி ஆக்குவார்கள். நிரல் அங்கேயே இருக்கும், கட்டப்படாது. உண்மையாகவே அதை நம்பியிருப்பவர் யாராவது இருந்தால் அப்போது குரல் வரும். வராவிட்டால் அடைவு போகும். கூடவே கட்டமைப்புப் பட்டியலில் அதன் பதிவு, நிரலைக் கட்டும் விதிகள் இருக்கும் மேக்ஃபைலில் அதன் வரி, பராமரிப்பாளர் பட்டியலில் அதன் பெயர், ஆவணங்களில் அதைப் பற்றிய பத்தி எல்லாம் போக வேண்டும். இந்த டிரைவர் ஒன்றுக்காகவே வெளியே திறந்து வைத்திருந்த செயற்கூறுகள் ஏதும் உண்டா என்றும் தேட வேண்டும். அழைப்பார் இல்லாவிட்டால் அவையும் கிளம்ப வேண்டும். பிறகு பல வகைச் சிபியுகளுக்கும் கெர்னலைக் கட்டிப் பார்க்க வேண்டும். கடைசியாக, ஏன் நீக்கினோம் என்று கமிட் குறிப்பில், அதாவது மாற்றத்தோடு சேர்ந்து பதியும் குறிப்பில், எழுத வேண்டும். என் கணக்கில் இந்தக் குறிப்புதான் முக்கியம். பத்தாண்டு கழித்து வருபவருக்கு நடந்ததைச் சொல்ல அது ஒன்றே மிஞ்சும்.

நீக்குவோம் என்ற எச்சரிக்கையே வேலையை முடித்து வைத்ததும் உண்டு. 2009 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் ஹைப்பர்-வி மெய்நிகர் கணினிக்கான டிரைவர்களைக் கொடுத்தது. ஏறத்தாழ 20,000 வரிகள். லினக்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் நிரல் தருவது அன்று பெரிய செய்தி. ஆனால் சில வாரங்களிலேயே எழுதியவர்களின் பேச்சு மூச்சைக் காணோம். இப்படியே போனால் எடுத்துவிடுவேன் என்று கிரெக் பொதுவில் சொன்னார். அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள். 2011இல் வெளியான 3.0 பதிப்பில் மிக அதிக எண்ணிக்கையில் மாற்றங்களைச் செய்த தனிநபர் மைக்ரோசாஃப்டின் கே.ஒய். சீனிவாசன். அவற்றில் பெரும்பகுதி இந்த டிரைவர்களைச் சீராக்கும் வேலை. அவை பிறகு தேறி முதன்மைப் பகுதிக்குப் போயின.

லஸ்டரின் கதை வேறு மாதிரி முடிந்தது. லஸ்டர் என்பது மீக்கணினிகளுக்கான கோப்பு முறைமை. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே சேமிப்பைப் பகிர்ந்து எழுதவும் படிக்கவும் உதவுவது. உலகின் மிக வேகமான மீக்கணினிகள் பலவற்றில் ஓடுகிறது. 2013இல் 3.11 பதிப்பில் அதன் கிளையன்ட் நிரல், அதாவது சேமிப்பை அணுகும் கணினிகளில் ஓடும் பகுதி, ஸ்டேஜிங்குக்கு வந்தது. ஐந்து ஆண்டுகள் இருந்தது. வந்தவர்கள் உழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. சிக்கல் என்னவென்றால், லஸ்டரின் உண்மையான வளர்ச்சி கெர்னலுக்கு வெளியே, அவர்களுடைய சொந்தக் களஞ்சியத்தில் நடந்தது. அங்கே புதியன சேரச் சேர, இங்கே இருந்த பிரதி பழையதாகிக்கொண்டே போனது. உள்ளே துடைப்பவர்கள் பழம்பிரதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே நிரல் இரண்டு வீட்டில் வளர்ந்தால் எந்த வீட்டிலும் முழுதாய் வளராது. 2018இல் 4.18 பதிப்பில் கிரெக் அதை நீக்கினார். வெளியே வைத்துச் சுத்தம் செய்து, முறையான திருத்தத் தொகுப்பாகக் கொண்டுவாருங்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். நிரலின் மதிப்பை அந்த முடிவு குறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீக்கணினிகளில் லஸ்டர் இன்றும் வெளியிலிருந்தே ஓடுகிறது. அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். ஐந்து ஆண்டு என்பது நாற்றங்காலுக்கு மிக நீண்ட காலம்.

கை தவறுவதும் உண்டு. ஆக்டியான் வகைச் சில்லுகளுக்கான ஈதர்நெட் டிரைவரை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்று 2019 இறுதியில் எடுத்தார்கள். அந்தச் சில்லுள்ள கருவிகளை இன்னும் ஓட்டுகிறோம் என்று ஆட்கள் வந்து சொன்னதும் 2020இல் திரும்ப வைத்தார்கள். அப்படி வைக்க முடிந்ததற்குக் காரணம் கிட். லினஸ் 2005இல் எழுதிய அந்தக் கருவியில் ஒவ்வொரு மாற்றமும் வரலாறாகத் தங்கிவிடுகிறது. நீக்கமும் அதில் ஒரு பதிவுதான். அந்தப் பதிவைத் திருப்பிவிட்டால் போன வரிகள் எழுத்து மாறாமல் வந்துவிடும். இந்த உறுதி இருப்பதால்தான் பராமரிப்பாளருக்குத் துணிந்து வெட்ட முடிகிறது. பிற்காலத்தில் வேண்டியிருக்குமே என்று வரிகளைக் குறிப்புக்குறி போட்டு மறைத்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கிட் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

ஆண்ட்ராய்டு நிரலும் திரும்பி வந்தது. 2012 மார்ச்சில் 3.3 பதிப்பில் அது மீண்டும் ஸ்டேஜிங்குக்குள் நுழைந்தது. இம்முறை பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. ஆண்ட்ராய்டில் செயலிகள் ஒன்றோடொன்று பேச உதவும் ‘பைண்டர்’ 2015இல் 3.19 பதிப்போடு தேறி வெளியே வந்தது. அதே தொகுப்பில் இருந்த ‘ஆஷ்மெம்’ என்ற நினைவகப் பகுதி தேறவே இல்லை. அதன் வேலையைச் செய்யக் கெர்னலில் பொதுவான வழி வந்துவிட்டதால் 2022இல் நீக்கப்பட்டது.

சி மொழி தெரிந்த மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கெர்னலுக்குப் பங்களிக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று தயங்குகிறீர்களா? மூலநிரலைப் பதிவிறக்குங்கள். டிரைவர்களுக்குள் ஸ்டேஜிங் அடைவுக்குப் போய் ஏதாவது ஒரு டுடூ கோப்பைத் திறந்து பாருங்கள். இப்போதும் அங்கே வேலை பாக்கி இருக்கிறது. அதில் ஒரு வரியை முடித்து அனுப்புங்கள்.