ஜார்ஜ் டவுன், பினாங்கு: கப்பல் புறப்படும் முன் நகர் காணல்

ஜார்ஜ் டவுன் மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரம் ஆகும். இது பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில், மலாக்கா நீரிணையை ஒட்டி அமைந்த பழமையான துறைமுக நகரம். 2008 சூலை 7 அன்று மலாக்கா நகருடன் சேர்த்து யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சிங்கப்பூர், கிள்ளான் துறைமுகம், பூக்கெட் ஆகிய இடங்களுக்கிடையே ஓடும் உல்லாசக் கப்பல்கள் இங்குச் சில மணி நேரம் நின்று செல்கின்றன. அந்தச் சில மணி நேரத்தில் எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது, எப்போது திரும்புவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

துறைக்கு அருகிலேயே நகரம்

உல்லாசக் கப்பல்கள் நிற்கும் துறைகள் பல, பயணிகள் காண விரும்பும் நகரத்திலிருந்து வெகு தொலைவில் உள்ளன. பாங்காக்குக்குரிய லேம் சபாங் துறை அந்நகரிலிருந்து 100 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. கோலாலம்பூர் செல்வோர் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி மேலும் ஒரு மணி நேரமாவது சாலைவழி செல்லவேண்டும். ஜார்ஜ் டவுனில் அந்தத் தொல்லை இல்லை. கப்பல்கள் வந்து நிற்கும் சுவெட்டன்ஹாம் இறங்குதுறையின் வாயிலைத் தாண்டியதும் பழைய நகரம் தொடங்கிவிடுகிறது.

இதற்குக் காரணம் நகரம் பிறந்த விதம். 1786-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கேப்டன் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கால்வைத்தார். அப்போது தீவு கெடா சுல்தானுக்கு உரியதாக இருந்தது. சயாமின் படையெடுப்பிலிருந்து கம்பெனி தம்மைக் காக்கும் என்ற நம்பிக்கையில் சுல்தான் இடங்கொடுத்தார். அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1791-இல் தீவை மீட்க அவர் செய்த முயற்சியும் தோல்வியடைந்தது. நகருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் சூட்டப்பட்டது. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால் சீனர், தமிழர், குசராத்தியர், அரேபியர், அச்சே மக்கள், ஆர்மீனியர் எனப் பலரும் வந்து குடியேறினர். கரையை ஒட்டிக் கிடங்குகளும், அவற்றின் பின்னே கடைகளும், அதற்கும் பின்னே வழிபாட்டு இடங்களும் எழுந்தன. ஆகவே நகரின் முக்கிய இடங்கள் யாவும் துறையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன.

நேரக் கணக்கு

கப்பல் பயணி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கப்பல் புறப்படும் நேரமும் பயணி ஏறவேண்டிய கடைசி நேரமும் ஒன்றல்ல என்பதாகும். கடைசி நேரம் பொதுவாகப் புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். அது கப்பலின் அறிவிப்புத் தாளிலும் இறங்கும் வாயிலிலும் எழுதப்பட்டிருக்கும். பயணத்தை இத்துறையிலேயே தொடங்குவோருக்கு இக்கெடு இன்னும் முன்னதாக முடிந்துவிடும். அவர்கள் பதிவு, பெட்டி சோதனை, குடிநுழைவுச் சோதனை மூன்றையும் முடிக்கவேண்டும். குடிநுழைவு முத்திரை பெற்றபின் மீண்டும் நகருக்குள் வருவது எளிதன்று. எனவே அவர்கள் பெட்டிகளைத் தங்கும் விடுதியில் ஒப்படைத்துவிட்டு, நகரைப் பார்த்து முடித்த பிறகே துறைக்குச் செல்வது நல்லது. விமான நிலையம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் பாயான் லெப்பாசில் உள்ளது. விமானம் தாமதமாகலாம், சாலையில் நெரிசலும் உண்டு என்பதால் முதல் நாளே வந்து சேர்வது பாதுகாப்பானது.

இரண்டாவது, கடிகாரம். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரம் ஒன்றே. தாய்லாந்து நேரம் இதற்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது, இந்திய, இலங்கை நேரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. பூக்கெட்டிலிருந்து வந்தவர் கைக்கடிகாரத்தைத் திருத்த மறந்தால், மணி நான்குதான் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது பினாங்கில் ஐந்தாகியிருக்கும். கப்பலில் பின்பற்றப்படும் நேரம் எது என்பதை இறங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

எடுத்துக்காட்டாக, கப்பல் மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது, ஏறவேண்டிய கடைசி நேரம் 5 மணி என்று கொள்வோம். பயணி 4.30-க்குத் துறை வாயிலில் இருக்கவேண்டும். காலை 9.30-க்கு இறங்கியவருக்கு மொத்தம் 7 மணி நேரம் உண்டு. இதில் சாப்பாட்டுக்கு ஒரு மணி, வெயிலிலும் மழையிலும் ஒதுங்க ஒரு மணி, எதிர்பாராத தாமதத்திற்கு ஒரு மணி என்று கழித்தால் மீதி 4 மணி நேரம். நகரைக் காண இவ்வளவுதான் உள்ளது என்று கருதித் திட்டமிடுவது நன்று.

கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியே சென்றவருக்காகக் காத்திருப்பதில்லை. விடுபட்டவர் தம் செலவிலேயே அடுத்த துறைக்குச் சென்று சேரவேண்டும். அடுத்த துறை வேறு நாட்டில் இருந்தால் கடவுச்சீட்டும் விசாவும் தேவைப்படும். கடவுச்சீட்டு கப்பலில் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். கடவுச்சீட்டின் நகல், கப்பல் அட்டை, துறையிலுள்ள கப்பல் முகவரின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் கையில் வைத்திருக்கவேண்டும்.

தொலைவில் உள்ளதை முதலில் காணல்

பெரும்பாலோர் துறையிலிருந்து வெளியே வந்ததும் எதிரில் தெரியும் மணிக்கூண்டிலும் கோட்டையிலும் காலை நேரத்தைச் செலவிட்டு, பிற்பகலில் தொலைவான இடங்களுக்குச் செல்கின்றனர். இதனால் திரும்பும் நேரம் நெருங்கும்போது துறையிலிருந்து மிகத் தள்ளி நிற்க நேரிடுகிறது. இதற்கு மாறாக, தொலைவில் உள்ள இடத்தை முதலில் பார்த்துவிட்டு, ஒவ்வோர் இடமாகத் துறையை நோக்கி வருவதே ஏற்றது. நேரம் போதாவிட்டால் அருகிலுள்ள கடைசி இடங்களை விட்டுவிட்டு நேரே கப்பலுக்குப் போய்விடலாம். கீழே தரப்படும் சுற்றுவழி ஏறத்தாழ 4 கி.மீ. நீளமுடையது.

1. சியூ படகுத்துறைக் குடியிருப்பு. இறங்குதுறையிலிருந்து தெற்கே, வெல்டு கடற்கரைச் சாலை வழியே படகுப் போக்குவரத்து நிலையத்தைத் தாண்டிச் சென்றால் இதை அடையலாம். கடலுக்குள் கால்கள் நட்டு, அவற்றின்மேல் பலகை பரப்பிக் கட்டிய வீடுகள் இவை. சீனாவின் புஜியான் பகுதியிலிருந்து வந்த சுமை தூக்குவோரும் படகோட்டிகளும் குலவாரியாகத் தனித்தனித் துறைகளை அமைத்துக்கொண்டனர்.

2. ஆர்மீனியன் தெரு, கூ கோங்சி. ஆர்மீனியன் தெருவில் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சகரேவிச் 2012-இல் வரைந்த மிதிவண்டிச் சிறுவர் சுவரோவியம் உள்ளது. அருகிலுள்ள கூ கோங்சி, கூ குலத்தாரின் பொதுக்கூடம். முந்தைய கட்டடம் 1901-இல் எரிந்துபோனபின் இப்போதுள்ளது 1906-இல் முடிக்கப்பட்டது. கூரையும் தூண்களும் நுண்ணிய செதுக்கு வேலை கொண்டவை. ஒரே ஒரு கட்டடத்திற்குத்தான் நுழைவுக்கட்டணம் செலுத்த முடியும் என்போர் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

3. கபித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-ஆம் ஆண்டு தமிழ் முசுலிம் வணிகரும் சமூகத் தலைவருமான காதிர் முகைதீன் மரைக்காயர் நிறுவியது. கபித்தான் என்பது ஆங்கிலேயர் ஒவ்வொரு சமூகத்தின் தலைவருக்கும் அளித்த பட்டம். தொழுகை நேரத்திலும் வெள்ளிக்கிழமை நண்பகலிலும் பார்வையாளர் தவிர்க்கவேண்டும்.

4. மகா மாரியம்மன் கோயில். குயின் தெருவில் 1833-இல் கட்டப்பட்டது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களே லிட்டில் இந்தியா எனப்படுகின்றன. பூக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை அனைத்தும் இங்கு உண்டு. நண்பகலில் நடை சாத்தப்படலாம் என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும். அருகில், சூலியா தெருவில், நாகூர் ஆண்டவர் சாகுல் அமீது அவர்களின் நினைவாக எழுந்த தர்கா உள்ளது.

5. குவான் யின் கோயிலும் புனித ஜார்ஜ் தேவாலயமும். பள்ளிவாசல் இருக்கும் அதே சாலையில் வடக்கே நடந்தால் சீனரின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில் வரும். சாலையின் முடிவுக்கு அருகில் 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் தேவாலயம் உள்ளது. இதைக் கட்டுவதில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு பயன்பட்டது.

6. கார்ன்வாலிஸ் கோட்டையும் மணிக்கூண்டும். லைட் முதலில் பனை இன மரத்தடிகளால் அமைத்த அரண், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல்லாலும் கல்லாலும் மாற்றிக் கட்டப்பட்டது. இக்கோட்டை ஒரு போரையும் கண்டதில்லை. 1603-ஐச் சேர்ந்த செரி ரம்பாய் என்னும் டச்சுப் பீரங்கி இங்குள்ளது. எதிரே நிற்கும் மணிக்கூண்டு விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சி நினைவாகச் செல்வந்தர் சியா சென் இயோக் கட்டித் தந்தது. ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம். 1902-இல் பணி முடிந்தபோது அரசி உயிருடன் இல்லை. இங்கிருந்து கப்பல் கண்ணுக்குத் தெரியும்.

தெருப்பெயர்களில் குழப்பம் வருவதுண்டு. பலகைகளில் மலாய்ப் பெயரும் மக்கள் வாயில் பழைய ஆங்கிலப் பெயரும் வழங்குகின்றன. மேலே கூறிய பள்ளிவாசல் சாலையைப் பிட் தெரு என்றும் சொல்வார்கள். பீச் தெருவுக்கு லெபு பந்தாய் என்பது பலகைப் பெயர். இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டால் வழி கேட்பது எளிது.

வெயிலும் மழையும் மிகுந்த ஊர் இது. கடைகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதைகள் உள்ளன. மலேசியத் தமிழர் இவற்றை அஞ்சடி என்பர். இவற்றின் வழியே நடந்தால் வெயிலைப் பெரிதும் தவிர்க்கலாம்.

விட்டுவிடத் தக்கவை

பினாங்கு மலைக்கு 1923 முதல் மலை இரயில் ஓடுகிறது. அதன் அடிவார நிலையம் ஆயர் ஈத்தாமில், நகரிலிருந்து சில கி.மீ. தொலைவில் உள்ளது. போக்குவரத்தும் வரிசையில் நிற்பதும் சேர்ந்து அரை நாளை எடுத்துக்கொள்ளும். கப்பல் இரவு வரை நிற்காவிட்டால் மலையையும் பழைய நகரையும் ஒரே நாளில் காண முயல்வது சரியன்று, ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

தமிழருக்கு இத்துறையுடன் உள்ள தொடர்பு

இன்று உல்லாசப் பயணிகள் இறங்கும் இக்கரையில் பிழைப்புத் தேடி இறங்கிய தமிழர் பல்லாயிரவர். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட ரஜூலா கப்பலும், பின்னர் சிதம்பரம் கப்பலும் பினாங்கைத் தொட்டே சிங்கப்பூர் சென்றன. 1985-இல் சிதம்பரம் கப்பலில் நேர்ந்த தீ விபத்துக்குப்பின் அந்தக் கடல்வழிப் பயணம் நின்றுபோனது.

எம்டன் கப்பலும் இங்கு வந்ததுண்டு. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய அந்த செர்மானியப் போர்க்கப்பல், அடுத்த மாதம் 28 அன்று விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்திற்குள் புகுந்து, நங்கூரமிட்டிருந்த உருசியப் போர்க்கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது.

குடியிருப்போரின் நகரம்

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி அருங்காட்சியகம் அன்று. மக்கள் குடியிருக்கும் இடம். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தவரை பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் கைவினைஞரும் சிறு வணிகரும் தலைமுறைகளாக வாழ்ந்தனர். 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை உயர்ந்து, பலர் வெளியேறினர். உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தபின் கட்டடங்கள் இடிபடாமல் தப்பின. ஆனால் வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. கட்டடம் நிலைத்து, அதில் வாழ்ந்தவர் இல்லாமற்போவது இந்நகரம் எதிர்கொள்ளும் பெரிய இடர்.

ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் இறங்கும் கப்பல் பயணிகளின் நடத்தையும் இதில் பங்கு பெறுகிறது. சியூ படகுத்துறையில் வீட்டு வாசலில் நின்று உள்ளே படம் எடுப்பதும், உரக்கப் பேசுவதும் அங்கு வாழ்வோருக்குத் துன்பம் தரும். வழிபாட்டு இடங்களில் காலணி கழற்றுவது, தோளும் முழங்காலும் மறைய உடுத்துவது, வழிபடுவோரைப் படமெடுக்குமுன் கேட்பது ஆகியவை வேண்டப்படும் ஒழுங்குகள். கப்பலில் இலவச உணவு இருக்கிறது என்பதற்காகப் பசியோடு திரும்பாமல், பகல் உணவை நகரிலேயே உண்ணலாம். தமிழ் முசுலிம் வணிகர் காவடித்தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் தொடங்கிய நாசி கண்டார் இவ்வூரின் அடையாள உணவு. கூடை முடைபவர், ஊதுவத்தி செய்பவர், மாலை கட்டுபவர் ஆகியோரிடம் வாங்கும் சிறு பொருளும் அவர்கள் அதே தெருவில் தொடர்ந்து தொழில் செய்யத் துணையாகும்.