உறக்கத்தில் பல் கடித்தல்

துன்பத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான் என்கிறோம். சினத்தில் பல்லை நறநறவென்று கடித்தான் என்றும் சொல்கிறோம். இவை விழிப்பில் நிகழ்வன. உறக்கத்தில் பல் கடிப்பவரோ தாம் கடிப்பதையே அறியார். அருகில் படுத்திருப்பவருக்கே அவ்வோசை கேட்கும். பிழைப்பை நாடி வந்து தில்லியிலோ மும்பையிலோ தனியறையில் வாழும் நம்மவருக்கு அதை எடுத்துச் சொல்வார் யார்? ஆகவே, அறிகுறிகளை நாமே அறிந்திருத்தல் வேண்டும்.

காலையில் தாடை கனத்து வலித்தல், நெற்றிப்பொட்டில் தலைவலி, குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுதல், பல்லின் விளிம்பு தேய்ந்து தட்டையாதல் ஆகியவை முக்கியமானவை. பல்லை மூடியுள்ள எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும், முறிந்த எலும்பு கூடுவதுபோல் தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

இதற்குக் காரணம் யாது? குழந்தை பல் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பர் நம் பாட்டிமார். பூச்சி இருப்பின் மருந்து கொடுக்க வேண்டியதே. ஆனால், பல் கடித்தல் ஒன்றையே அதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. குழந்தைகளிடம் இவ்வழக்கம் பெரும்பாலும் வயது ஏறத் தானே மறையும். உறக்கத்தின் நடுவே மூளை சில நொடிகள் சற்றே விழிப்புறுகிறது. இதயத் துடிப்பு விரைகிறது. அதைத் தொடர்ந்து தாடைத் தசைகள் இறுகுகின்றன. மனக்கவலை, காப்பி, மது, புகையிலை, மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் ஆகியன இதனை மிகுவிக்கக்கூடும். மருந்தே காரணமென ஐயுற்றாலும், மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது. உரத்த குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் உடனிருந்தால், அவற்றைத் தனியே சோதித்தறிதல் இன்றியமையாதது.

பல் மருத்துவர் வாயின் அளவெடுத்து, இரவில் அணிவதற்கு ஓர் உறை செய்து தருவார். அது பற்களைத் தேய்வினின்று காக்கும். கடிக்கும் வழக்கத்தையே ஒழித்துவிடாது. இவ்வழக்கத்தை நிறுத்துவதற்கென்று நல்ல பற்களை அராவிச் சமன்செய்வது தக்கதன்று. அராவியதை மீட்க இயலாது.

பகலில் நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. உதடுகள் மூடியிருக்கையில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதிருப்பதே தாடையின் இயல்பான நிலை. கோப்பின்மேல் குனிந்திருக்கையிலும் நெரிசலான இரயிலில் நிற்கையிலும் இதனை நினைவுகூர்ந்து தாடையைத் தளர்த்துதல் நலம். மாலைக்குப் பின் காப்பியைத் தவிர்ப்பதும், உறங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவதும் துணை புரியும்.

மொழி தெரியாமையால் மருத்துவரிடம் செல்லத் தயங்குவோர் உளர். இந்தியில் இதனைத் ‘தாந்த் பீஸ்னா’, அதாவது பல்லை அரைத்தல் என்பர். மராத்தியில் ‘தாத் காணே’, அதாவது பல்லைத் தின்னுதல் என்பர். தில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிலையமும், மும்பையில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவமனையும், கொல்கத்தாவில் 1920இல் தோன்றிய ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரியும் பொதுமக்களுக்கெனவே உள்ளவை. அங்கு சென்று இவ்விரு சொற்களைச் சொன்னாலே நம் குறை விளங்கிவிடும். பிற துன்பங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம். இதனை அவ்வாறு பொறுத்தல் ஆகாது.