அச்சாணிச் சொற்கள்

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. மாபெரும் தேரின் சக்கரம் கழன்று போகாமல் காப்பது மிகச் சிறிய ஓர் ஆணியே. ஆங்கில வாக்கியத்துக்கும் அத்தகைய அச்சாணிகள் உண்டு. இன், ஆன், டு, ஃபார், வித், ஃப்ரம் என்னும் சின்னஞ்சிறு சொற்களே அவை. ஆங்கிலத்தில் இவற்றைப் ‘ப்ரெபொசிஷன்’ என்பர். தமிழில் முன்னிடைச்சொல் என்கிறோம். இவை ‘விச்’, ‘ஹூம்’ என்னும் சொற்களோடு சேர்ந்து எவ்வாறு வாக்கியங்களை இணைக்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழ் மறைப்பதும் ஆங்கிலம் காட்டுவதும்

அன்புத் தோழியரே! முதலில் நம் தாய்மொழியைப் பார்ப்போம். ‘எழுதிய’ என்னும் ஒரு பெயரெச்சத்தை எடுத்துக்கொள்வோம். எழுதிய மாணவி, எழுதிய கடிதம், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய நாள் என்று ஐந்து விதமாகச் சொல்கிறோம். ஐந்திலும் ‘எழுதிய’ என்னும் சொல் மாறவே இல்லை. ஆனால் பொருள் ஒன்றா? மாணவி எழுதினாள், கடிதத்தை எழுதினாள், பேனாவால் எழுதினாள், அறையில் எழுதினாள், அந்த நாளில் எழுதினாள். அப்படியானால் ஐ, ஆல், இல் என்னும் வேற்றுமை உருபுகள் எங்கே போயின? பெயரெச்சம் அவற்றைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்துக் கூறியிருப்பதை நாம் இலக்கண வகுப்பில் படிக்கிறோம்.

ஆங்கிலம் இப்படி அடக்கிக்கொள்வதில்லை. எழுதிய மாணவி, ‘தி கேர்ள் ஹூ ரோட்’. அவள் எழுதிய கடிதம், ‘தி லெட்டர் விச் ஷி ரோட்’. இவ்விரண்டுக்கும் முன்னிடைச்சொல் வேண்டியதில்லை. ஏனெனில் மாணவி எழுவாய், கடிதம் செயப்படுபொருள். ஆனால் அவள் எழுதிய பேனா, ‘தி பென் வித் விச் ஷி ரோட்’. அவள் எழுதிய அறை, ‘தி ரூம் இன் விச் ஷி ரோட்’. அவள் எழுதிய நாள், ‘தி டே ஆன் விச் ஷி ரோட்’. தமிழ் உள்ளே மறைத்து வைத்ததை ஆங்கிலம் வெளியே எடுத்து வைக்கிறது.

‘வித்’ என்பதை விட்டுவிட்டு ‘தி பென் விச் ஷி ரோட்’ என்று எழுதினால் என்ன ஆகும்? அவள் பேனாவையே எழுதிவிட்டாள் என்று பொருள்படும்! தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தத் தவறு எளிதில் நேரும். அறிவுக் குறைவால் வருவதன்று இது. இரு மொழிகளின் அமைப்பு வேறுபடுவதால் வருவது.

பிரித்தால் புரியும்

இத்தவறைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. இணைக்க வேண்டிய வாக்கியத்தை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘திஸ் இஸ் தி ஹவுஸ்’ என்பது ஒன்று. ‘வி லிவ் இன் இட்’ என்பது மற்றொன்று. இரண்டாவதில் உள்ள ‘இட்’ என்பதை ‘விச்’ என்று மாற்றுவோம். ‘விச்’ முன்னே செல்லும்போது தன் துணையான ‘இன்’ என்பதையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். ‘திஸ் இஸ் தி ஹவுஸ் இன் விச் வி லிவ்’ என்று வாக்கியம் அமைந்துவிடும். மனிதரைக் குறித்தால் ‘விச்’ வரும் இடத்தில் ‘ஹூம்’ வரும்: ‘தி லேடி டு ஹூம் வி ஸ்போக்’.

எந்த முன்னிடைச்சொல் வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் வினைச்சொல்லே முடிவு செய்கிறது. வெயிட் என்றால் ஃபார். பிலாங் என்றால் டு. ரிலை என்றால் ஆன். இங்கே தமிழ் உருபை அப்படியே மொழிபெயர்த்தால் ஏமாந்து போவோம். நாம் பாட்டைக் கேட்கிறோம். தமிழில் ‘ஐ’ உருபு. ஆங்கிலத்திலோ ‘லிசன்’ என்னும் வினைக்கு ‘டு’ வேண்டும். ஆகவே நாம் கேட்கும் பாட்டு, ‘தி சாங் டு விச் வி லிசன்’ ஆகும். புதிய வினைச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது அதன் துணைச்சொல்லையும் சேர்த்தே எழுதி வைப்பது நலம்.

சிறு சொல், பெரும் விளைவு

இவையெல்லாம் தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுவதற்கு மட்டும்தானா? இல்லை. வங்கியிலிருந்தோ, அலுவலகத்திலிருந்தோ ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால், பல வீடுகளில் “நீ படிக்கிற பெண்தானே, இதில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லம்மா” என்று நம்மைத்தான் அழைக்கிறார்கள். கையொப்பம் இடப்போகும் பெரியவர் நம் சொல்லை நம்பியே இடுகிறார்.

ஒரு கடன் பத்திரத்தை எண்ணிப் பார்ப்போம். அதில் ‘தி டேட் ஃப்ரம் விச்’ என்று வந்தால், அந்த நாள் தொட்டு வட்டி கணக்கிடப்படும் என்பது போன்ற செய்தி தொடரும். ‘தி டேட் பை விச்’ என்று வந்தால், அந்த நாளுக்குள் பணத்தைக் கட்டி முடிக்க வேண்டும் என்பது போன்ற செய்தி தொடரும். முன்னது தொடக்கம், பின்னது கெடு. அவ்வாறே ‘தி பர்சன் டு ஹூம் தி மனி இஸ் பெய்ட்’ என்பவர் பணம் பெறுபவர். ‘தி பர்சன் பை ஹூம் தி மனி இஸ் பெய்ட்’ என்பவர் பணம் கொடுப்பவர். ‘டு’ இருந்த இடத்தில் ‘பை’ வந்ததும் வாங்குபவர் கொடுப்பவராகிவிட்டார்!

இத்தகைய இடங்களில் தமிழும் எச்சரிக்கையாகவே நடக்கிறது. ‘யாருக்குப் பணம் செலுத்தப்படுகிறதோ அவர்’, ‘யாரால் செலுத்தப்படுகிறதோ அவர்’ என்று உருபை வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பத்திரத்தைப் படித்துச் சொல்லும்போது ‘யாருக்கு, யாரால், எந்த நாள் முதல், எந்த நாளுக்குள்’ என்று இம்முறையில் பெயர்த்துக் கூறினால் குழப்பம் வராது.

முன்னே வைப்பதா, பின்னே விடுவதா?

ஆங்கிலேயர் பேசும்போது ‘தி ஹவுஸ் விச் வி லிவ் இன்’ என்று முன்னிடைச்சொல்லை இறுதியில் விட்டுவிடுவதும் உண்டு. இது சரியா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வாக்கியங்களில் இதை ஒரு குறையாக எடுத்துக் காட்டினார். அதோடு நில்லாமல், தாம் முன்பு எழுதிய ஒரு கட்டுரையை 1684-இல் மீண்டும் வெளியிட்டபோது அதிலிருந்த இத்தகைய வாக்கியங்களையும் திருத்தினார். 1762-இல் ஆங்கில இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லௌத், இவ்வழக்கு பேச்சுக்கு ஏற்றது என்றும், முன்னே வைப்பதே உயர்ந்த நடைக்கு அழகு என்றும் கருதினார். வேடிக்கை என்னவென்றால், அதைச் சொல்லும்போதே அவர் ஒரு தொடரின் இறுதியில் ‘டு’ என்பதை விட்டிருந்தார்! பின்னர் 1926-இல் ஃபௌலர் என்னும் அறிஞர் தம் அகராதியில், இறுதியில் வரக்கூடாது என்பது வெறும் மூடநம்பிக்கை என்று எழுதினார். ஆகவே இரண்டும் சரியே. விண்ணப்பத்திலும் கட்டுரையிலும் முன்னே வைப்போம். தோழியிடம் பேசும்போது பின்னே விடுவோம். எங்கேயும் வைக்காமல் விடுவதுதான் பிழை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. முன்னிடைச்சொல்லை அடுத்து ‘தட்’ வராது. ‘இன் தட் வி லிவ்’ என்பது பிழை. ‘தி ஹவுஸ் தட் வி லிவ் இன்’ என்பது சரி.

2. முன்னிடைச்சொல்லை அடுத்து ‘ஹூ’ வராது. ‘ஹூம்’ என்றே எழுத வேண்டும்.

3. ஒரே சொல்லை இருமுறை எழுதலாகாது. ‘இன் விச் வி லிவ் இன்’ என்றால் ஒரு சக்கரத்துக்கு இரண்டு அச்சாணி ஆகிவிடும்.

4. ‘வேர்’ என்று எழுதினால் ‘இன்’ தேவையில்லை. ‘தி ஹவுஸ் வேர் வி லிவ்’ என்பதில் ‘இன்’ அடங்கியுள்ளது. நம் பெயரெச்சத்துக்கு இதுவே நெருங்கிய உறவு.

5. ‘லுக் ஆஃப்டர்’ போன்ற சேர்க்கைகளைப் பிரிக்கலாகாது. அவள் கவனித்துக்கொண்ட குழந்தை, ‘தி சைல்ட் ஹூம் ஷி லுக்ட் ஆஃப்டர்’ என்பதே. ‘ஆஃப்டர்’ என்பதை முன்னே கொண்டுவந்தால் ‘கவனித்தல்’ என்னும் பொருள் சிதைந்துவிடும்.

தோழியரே! பள்ளிக்கு வரும் வழியிலேயே இதைப் பழகலாம். நாம் அமரும் பெஞ்சு, ‘தி பெஞ்ச் ஆன் விச் வி சிட்’. நாம் படிக்கும் பள்ளி, ‘தி ஸ்கூல் இன் விச் வி ஸ்டடி’. நாம் காத்திருக்கும் பேருந்து எது? நாம் நம்பியிருக்கும் தோழி யார்? விடைகளை நீங்களே அமைத்துப் பாருங்கள். வீட்டிற்கு அடுத்த ஆங்கிலக் கடிதம் வரும்போது, அதிலுள்ள பெரிய சொற்களுக்கு அகராதி துணை செய்யும். சின்னஞ்சிறு சொற்களுக்கோ நம் கவனம் ஒன்றே துணை.