பூனைக்கும் காப்பீடு வேண்டுமோ?

மாட்டுக்குக் காப்பீடு உண்டென்பதை நம் மக்கள் நெடுங்காலமாக அறிவர். காதில் அடையாள வில்லை பொருத்தப்பெற்ற கறவை மாடு இறந்துபடின், அதன் உரிமையாளருக்கு ஈட்டுத்தொகை கிடைக்கும். அம்மாட்டின் பாலை நம்பி ஒரு குடும்பமே பிழைப்பதால், பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்று உதவும் திட்டங்களும் உள்ளன. ஆயின், பூனைக்குக் காப்பீடு என்று கேட்டவுடன் பலர் நகைக்கின்றனர். நகைப்பதற்கு முன் சற்றே சிந்திப்பது நன்று. இல்லத்தின் வருவாயை எவ்வரிசையில் செலவிடுவது என்னும் பெரிய வினா இச்சிறு வினாவுக்குள் அடங்கியிருக்கின்றது.

மேனாடுகளில் இது புதுமையன்று. சுவீடன் நாட்டில் 1924ஆம் ஆண்டிலேயே நாய்க்குக் காப்பீடு வழங்கப்பட்டது. அமெரிக்க நாட்டில் 1982ஆம் ஆண்டு, தொலைக்காட்சியில் புகழ்பெற்ற லாஸி என்னும் நாயின் பெயரில் ஒரு பாலிசி எழுதப்பெற்றது. நம் நாட்டிலோ முதலில் கால்நடைகளுக்கும், பின்னர் நாய்களுக்கும், அண்மை ஆண்டுகளில் பூனைகளுக்கும் இவ்வசதி வந்துள்ளது.

சரக்கு ரயில்கள் ஓயாது செல்லும் நம் கொருக்குப்பேட்டையில், வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் தெருக்களில், பூனை அழகுக்காக மட்டும் வளர்க்கப்படுவதில்லை. அரிசிப் பானையை எலியினின்று காக்கும் காவலாளி அது. இப்பொழுது சில இல்லங்களில் விலை கொடுத்து வாங்கிய பெர்சியப் பூனைகளும் உலவுகின்றன. இரண்டிற்கும் நோய் வரும். இரண்டும் மாடியினின்று விழும். இரண்டிற்கும் வைத்தியச் செலவு உண்டு.

காப்பீட்டின் கணக்கு

காப்பீடு என்பது யாது? பலர் சிறு சிறு தொகையாகச் செலுத்தும் பொது நிதியினின்று, துன்புற்ற சிலருக்கு உதவுவதே. ஒருவர் சுமையை ஒருவர் தாங்குமாறு கலாத்தியருக்குப் புனித பவுல் கூறிய அறிவுரையின் நிழல் இதில் தெரிகின்றதன்றோ? எனினும், வணிக நிறுவனம் கருணை இல்லம் அன்று. தடுப்பூசி, கருத்தடை அறுவை, பாலிசி எடுக்குமுன்பே இருந்த நோய் ஆகியவற்றிற்கு அது பொதுவாகப் பணம் தருவதில்லை. பூனையின் வயதுக்கு வரம்பு உண்டு. பாலிசி எடுத்த தொடக்க நாள்களில் வரும் நோய்க்கு ஈடு கிடையாது. செலவில் ஒரு பகுதியை நாமே ஏற்க வேண்டியும் வரலாம். ஆதலின், கையொப்பமிடுமுன் எவையெவை விலக்கப்பட்டுள்ளன என்பதை வரிவரியாகப் படித்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஆண்டுப் பிரீமியம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பூனை பன்னிரண்டு ஆண்டுகள் நலமாய் வாழுமாயின் 24,000 ரூபாய் செலுத்தியிருப்போம்; திரும்பி வருவது ஒன்றுமில்லை. மாறாக, இரண்டாம் ஆண்டிலேயே 20,000 ரூபாய்க்கு அறுவை மருத்துவம் நேருமாயின், 4,000 ரூபாய் செலுத்தியவருக்கு அச்செலவின் பெரும்பகுதி கிடைக்கக்கூடும். மாதந்தோறும் 150 ரூபாய் உண்டியலில் இட்டு வந்தவரிடமோ அப்பொழுது 3,600 ரூபாய்தான் இருக்கும். சேமிப்பு மெல்ல நடந்து வரும். நோய் ஓடி வரும். காப்பீட்டின் பயன் இதுவே. இதனை மறுப்பதற்கில்லை.

முதலில் எது?

எனினும், தாங்க இயலாத இழப்புக்கே காப்பீடு முதன்மையாக வேண்டும். நம் பங்கின் எளிய குடும்பம் ஒன்றை நிலைகுலையச் செய்யும் இழப்பு எது? பூனையின் நோயா? அன்று. துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ உழைக்கும் குடும்பத் தலைவருக்கு நேரும் விபத்தே அது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்து மரணத்திற்கு இரண்டு இலட்ச ரூபாய் கிடைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்ச ரூபாய் வரை மருத்துவ உதவி அளிக்கின்றது. இவ்விரண்டையும் பெறாத இல்லம் பூனைக்குப் பாலிசி தேடுமாயின், அஸ்திவாரம் இடாமல் மாடி கட்டுவதற்கு ஒப்பாகும்.

திருச்சபையின் போதனையும் இவ்வாறே நடுவழி காட்டுகின்றது. 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2418ஆம் பத்தியில், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்கின்றது. அதே பத்தியில், மனிதரின் துயர் நீக்க முதற்கண் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று எச்சரிக்கின்றது. ஏழை ஒருவன் தன் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிள்ளைகளோடு பிள்ளையாய் வளர்த்ததை நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசருக்கு எடுத்துரைத்தார். அவ்வன்பை விவிலியம் ஓரிடத்திலும் ஏளனம் செய்யவில்லை.

கடமைக்கு விலக்கில்லை

பாலிசி எடுக்க வசதியில்லை என்பதால் கடமை நீங்கிவிடுமோ? நீங்காது. பூனைக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி இடுதல் முதற்கடமை. அது பூனையை மட்டுமன்று, அதனோடு விளையாடும் குழந்தையையும் காக்கும். பூனை கடித்தாலோ பிறாண்டிப் புண்ணாக்கினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது அரசு மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். நமக்கு அருகே ஸ்டான்லி மருத்துவமனை உள்ளது. தடுப்பூசியைக் குறித்த நாள்களில் தவறாது முடித்தல் வேண்டும். வெறிநோய் முற்றியபின் அதற்கு மருந்தில்லை. மஞ்சள் தடவி வாளாவிருத்தல் உயிருக்கே உலை வைக்கும்.

இரண்டாம் கடமை கருத்தடை. வேண்டாத குட்டிகளைச் சாக்கிலிட்டுத் தண்டவாளத்தோரம் விட்டுவரும் கொடிய வழக்கம் இன்னும் மறைந்தபாடில்லை. பசியால் வாடி மடியுமாறு விலங்கைக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இறைவன் திருமுன் பாவமுமாகும். நோயுற்ற பூனையை எடுத்துச் செல்ல, 1903இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கின்றது. கொருக்குப்பேட்டைக்கு அது வெகு தொலைவன்று. தனியார் மருத்துவமனைகளைவிட அங்கே செலவு குறைவு.

ஆக, பெற்றோரே, வரிசை இதுவாகட்டும்: முதலில் குடும்பத்தாருக்குப் பாதுகாப்பு, அடுத்துப் பூனைக்குத் தடுப்பூசியும் கருத்தடையும், பின்னர் அதற்கென ஒரு சிறு உண்டியல். இவையனைத்தும் நிறைவுற்று, ஏழைக்குக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்தபின் கையில் மிஞ்சுவோர், பாலிசி எடுப்பதில் தவறில்லை. அவ்வுண்டியலில் நாள்தோறும் ஐந்து ரூபாயை இடும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். வாயில்லா ஓர் உயிருக்காகத் தன் தின்பண்டத்தைக் குறைத்துக்கொள்ளப் பழகும் குழந்தை, நாளை முதிய பெற்றோரைக் கைவிடாது. அப்பழக்கத்திற்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமும் விலை நிர்ணயிக்க இயலாது.